வீட்டில் டிராஃப்ட் பீர்: குழாய் மாட்டும் முன் கணக்குப் போடுங்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு, வீட்டிலேயே டிராஃப்ட் பீர் குழாய் வைக்கலாம் என்று இறங்கினால், யாரிடம் போய்க் கேட்பது என்பதே முதல் தலைவலி. பேரல் விற்பவருக்கு, பீரைக் குழாய்க்குத் தள்ளும் கேஸ் பற்றித் தெரியாது. கேஸ் கடைக்காரருக்கு அது எதற்கு என்று புரியாது. ஐஸ் பெட்டி பழுது பார்ப்பவரோ "ஓட்டைதானே, போட்டுடலாம்" என்று டிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வீடியோக்களில் காட்டுவதெல்லாம் குளிர் நாட்டுக் காரியம், மத்தியானம் 33 டிகிரி கொதிக்கும் நம் ஊரில் அதில் பாதி செல்லாது. அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முஸ்லிம் அல்லாத, 21 வயது தாண்டிய, தன் வீட்டில் தன் காசில் குடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது.

1. முதலில் உங்கள் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள்

சாமான் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 30 லிட்டர் பேரலில் 320 மில்லி கிளாஸ் கணக்குக்கு 93 வரும். நுரையில் போவது, சிந்துவது எல்லாம் கழித்தால் கைக்கு வருவது சுமார் 85. பேரலைத் திறந்த பிறகு குளிரிலும் கரியமில வாயு அழுத்தத்திலும் வைத்திருந்தால் 6 வாரம், மிஞ்சினால் 8 வாரம் ருசி கெடாமல் இருக்கும். ஆக 6 வாரத்தில் முடிக்க, வாரத்துக்கு 14 கிளாஸ் ஓட வேண்டும்.

உங்கள் வீட்டில் நீங்களும் மச்சானும் சனிக்கிழமை மட்டும் ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் வாரத்துக்கு 4. பேரல் உங்களுக்கு வேண்டாம். கேன் வாங்கிக் குடியுங்கள், தொல்லை இல்லை. இல்லை, எனக்குக் குழாயில்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து கொங்சி போடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேனில் குடிக்கும்போது காலி டின் கண் முன்னால் கிடக்கும், எத்தனை போனது என்று தெரியும். குழாயில் அது தெரியாது. வீட்டுக்காரி கேட்கும்போது "ரெண்டுதான்" என்போம், பேரல் வேறு கதை சொல்லும். பெட்டி மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, ஊற்றுகிற ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கோடு போடுங்கள். காசுக் கணக்குக்கும் அது உதவும், உடம்புக்கும் உதவும்.

2. மூன்று வழி இருக்கிறது, உங்களுக்கு எது?

முதல் வழி, 5 லிட்டர் சின்னப் பேரல். ஹைனெக்கன் அப்படி வருகிறது. உள்ளேயே கேஸ் இருக்கும், தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. சாதாரண ஐஸ் பெட்டியில் குறைந்தது 10 மணி நேரம் குளிர வைத்துவிட்டுத் திறக்க வேண்டும், திறந்தால் 30 நாள் தாங்கும். மத்தியானம் வாங்கி வந்து சாயங்காலம் திறந்தால் பாதி நுரையாகத்தான் போகும். இதே வரிசையில் மேசை மேல் வைக்கும் பிளேட் என்ற இயந்திரமும் உண்டு. 8 லிட்டர் பேரல் போடலாம், கேஸ் சிலிண்டர் வேண்டாம். ஆனால் அந்தக் கொம்பனி தரும் பேரல் மட்டும்தான் அதில் ஏறும்.

இரண்டாவது, விசேஷத்துக்கு மட்டும் இயந்திரத்தோடு பேரல் எடுப்பது. பிறந்தநாள், தீபாவளித் திறந்த இல்லம் மாதிரி ஒரு நாள் காரியத்துக்கு இதுவே புத்திசாலித்தனம். குறைந்தது இத்தனை பேரல் எடுத்தால் இயந்திரம் இலவசம் என்பார்கள். சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவரும் லோரிக்கூலி அதில் சேர்த்தியா இல்லையா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். கையால் அடிக்கும் பம்பு ஒன்றைக் கொடுத்தால் கவனம்: அது காற்றைத்தான் உள்ளே அடிக்கும், அந்தப் பேரலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மறுநாள் அட்டைப்பெட்டி வாசம் வரும்.

மூன்றாவது, சொந்தமாகப் பெட்டி, கேஸ், குழாய். கீழே எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

3. சட்டமும் கடுதாசியும்

உங்கள் வீட்டில் நீங்கள் குடிக்க, விருந்தாளிக்குச் சும்மா ஊற்றிக் கொடுக்க லைசென்ஸ் தேவையில்லை. கிளாஸுக்கு இவ்வளவு என்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்கினாலும் அது விற்பனை, விற்பனைக்கு 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். "உண்டியல் மாதிரி ஒரு டப்பா வைக்கலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். கொங்சி போடுவதானால் பேரல் வாங்கும் முன்பே காசைச் சேர்த்து எல்லாரும் சேர்ந்து வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஊற்றும்போது கை நீட்டாதீர்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டிலும் அதே கோட்டை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

வீட்டிலேயே பீர் காய்ச்சலாமா என்று கேட்கிறவர்களுக்கு: லைசென்ஸ் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தோட்டத்து லயத்திலோ கொம்பனி வீட்டிலோ இருப்பவர்கள், சுவரில் ஓட்டை போடுவதற்கும் கேஸ் சிலிண்டர் வைப்பதற்கும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம். வாயால் "சரி, செய்ங்க" என்று சொன்ன கிராணி மாறிப் போய்விட்டால் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது.

பக்கத்து வீடு மலாய்க் குடும்பம் என்றால் முன்வாசலில் பார் போடாதீர்கள். பின்கட்டில் வையுங்கள், பத்து மணிக்குப் பாட்டை நிறுத்துங்கள். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, ஒரே தாமானில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

4. பேரல் எடுப்பது

இந்த நாட்டில் பெரிய அளவில் பீர் காய்ச்சுவது இரண்டு கொம்பனி, ஹைனெக்கன் மலேசியாவும் கார்ல்ஸ்பெர்க் மலேசியாவும். இவர்களின் விநியோகஸ்தர்களிடம்தான் பேரல் கிடைக்கும். நமக்குப் பக்கம் ஈப்போ. கோப்பிக் கடைக்கும் பாருக்கும் போடுகிற விநியோகஸ்தர் எல்லாரும் வீட்டுக்குத் தர மாட்டார்கள், தருகிறவர்கள் ஐசி நகலும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். ஊரில் லைசென்ஸோடு இருக்கும் சீனர் மதுக்கடைத் தவுக்கேயிடம் சொல்லி, அவர் பெயரில் தருவிப்பதுதான் பல சமயம் சுலபம்.

வைப்புத்தொகைதான் இங்கே பெரிய பொறி. பேரல் கொம்பனிச் சொத்து, நீங்கள் வாங்குவது உள்ளே இருக்கும் பீரை மட்டும். காலிப் பேரலைத் திருப்பினால் வைப்பு திரும்பி வர வேண்டும். "உங்களைத் தெரியாதா தம்பி, ரெசிட் எதுக்கு" என்று சிரித்துப் பேசி வாங்கிக்கொண்ட ஒருவர், காலியைக் கொண்டுபோனபோது தொகையைக் குறைத்துச் சொன்னார். ரெசிட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: வைப்பு எவ்வளவு, பேரல் மேல் இருக்கும் எண், எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும். கப்ளரை, அதாவது பேரல் வாயில் பூட்டி கேஸையும் பீர் டியூபையும் இணைக்கும் தலையை, அவர்களிடமே இரவல் எடுத்தால் அதற்கும் தனியாக எழுதி வாங்குங்கள். காலிப் பேரலைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அது திருட்டுக் கணக்கு.

எடுக்கும்போது பேரல் மேல் மூடியில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். பெருநாள் முடிந்த வாரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் சரக்கு பெரும்பாலும் தேதி நெருங்கியதாக இருக்கும். 6 வாரம் வைத்துக் குடிக்கப்போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

ரொம்ப மலிவாக வருகிறதே என்று ஆசைப்படவும் வேண்டாம். பீர் மீதான கலால் வரி, சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளி என்று 2016 மார்ச்சிலிருந்து இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் 10 விழுக்காடு கூட்டிவிட்டார்கள், அதாவது 192 வெள்ளி 50 சென். 5 விழுக்காடு பீர் 30 லிட்டரில் சுத்த ஆல்கஹால் ஒன்றரை லிட்டர், அதற்குக் கலால் வரி மட்டுமே சுமார் 289 வெள்ளி. 24 கேன் உள்ள பெட்டிக்கு இதே கணக்கில் 74 வெள்ளி. அப்படியிருக்க 250 வெள்ளிக்கு 30 லிட்டர் பேரல், 70 வெள்ளிக்கு ஒரு பெட்டி என்று யாராவது காதில் கிசுகிசுத்தால், அது வரி கட்டாத கடத்தல் சரக்கு. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மாட்டினால் அபராதம் பேரல் விலையோடு நிற்காது.

30 லிட்டர் இரும்புப் பேரல் நிரம்பியிருந்தால் சுமார் 40 கிலோ. ஒருவராகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மைவி காரில் ஏற்றலாம், நிமிர்த்தி வைத்து உருளாமல் கட்டுங்கள். வெயிலில் குலுங்கி வந்த பேரலை உடனே குழாயில் மாட்டினால் நுரைதான் வரும். ஒரு முழு நாள் குளிரில் அசையாமல் வைத்த பிறகே மாட்டுங்கள். சனிக்கிழமை இரவுக்கு வேண்டும் என்றால் வியாழக்கிழமையே எடுங்கள்.

5. குளிர் பெட்டி

மேலே திறக்கும் சின்ன டீப் ஃபிரீசர்தான் மலிவு, 200 லிட்டர் அளவு. பழையது 300 முதல் 500 வெள்ளிக்குக் கிடைக்கும். பேரல் உயரத்தையும் அதன் மேல் உட்காரும் கப்ளர் உயரத்தையும் சேர்த்து அளந்துகொண்டு போங்கள். பெட்டிக்குள் மூலையில் கம்ப்ரெஸருக்காக ஒரு மேடு இருக்கும், பேரல் அதில் இடித்துக்கொண்டு மூடி மூடாமல் போகும். டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ஃபிரீசரை அப்படியே ஓட்டினால் பீர் உறைந்துவிடும். வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்ட வேண்டும், சாதாரணமானது 40, 50 வெள்ளிக்கும் நல்லது 150 வெள்ளிக்கும் கிடைக்கும். 3 டிகிரியில் வையுங்கள். அதன் உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாதீர்கள், கம்ப்ரெஸர் ஓயாமல் ஏறி இறங்கும். பேரல் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்து அழுத்திவிடுங்கள். கம்ப்ரெஸர் நின்றால் மறுபடி ஓட ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்று கருவியில் அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். சாயங்கால இடிமழையில் கரண்டு போய்ப் போய் வருகிற ஊர் இது.

ஃபிரீசர் சுவரில் ஓட்டை போடவே கூடாது. குளிர்வாயு ஓடும் குழாய் சுவருக்குள்ளேயே சுற்றியிருக்கும், டிரில் அதில் பட்டால் பெட்டி அத்தோடு முடிந்தது, புதுப் பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பிடிக்கவும் கூடியது. மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் நான்கு பக்கமும் மரச்சட்டம் ஒன்று ஏற்றி, குழாயை அந்தச் சட்டத்தில் மாட்டுவதுதான் வழி. மரக்கடையில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வார்னிஷ் அடிக்காமல் வைக்கவே முடியாது. மெராந்தி வாங்கி இரண்டு கோட் அடித்துவிட்டால் நிம்மதி. குழாய் இப்படிச் சட்டத்திலேயே இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: பார்களில் இருக்கிற மாதிரி உயரமான கோபுரம் வைத்தால், நம் சூட்டில் அது கொதித்து முதல் கிளாஸ் முழுக்க நுரையாகும், உள்ளே குளிர் காற்றை ஏற்றச் சின்ன விசிறி வேறு மாட்ட வேண்டும். அழகுக்கு ஆசைப்படாதீர்கள்.

பெட்டிக்குள் அடியில் தண்ணீர் தேங்கும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று போட்டு, வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடையுங்கள்.

6. கேஸ்

பீருக்கு உணவுத் தரக் கரியமில வாயு என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் கடையில் அதே வாயு மலிவாகக் கிடைக்கும், நம்பாதீர்கள். தீயணைப்பு சிலிண்டரை எடுத்து மாட்டலாம் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

5 கிலோ சிலிண்டர் போதும். 30 லிட்டர் பேரல் ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் கேஸ்தான் செலவாகும், கசிவு இல்லாவிட்டால் 20 பேரலுக்கு மேல் தாங்கும். அந்தக் கசிவுதான் ஆளைக் கொல்லும், சில சமயம் நிஜமாகவே. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஒரு சின்னக் குமிழி ஊதினாலும் விடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சிலிண்டர் காலியாகும், காற்றை விடக் கனமான அந்த வாயு மூடிய அறையில் தரையோடு தேங்கும், நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஜன்னல் இல்லாத ஸ்டோர் அறையில் சிலிண்டர் வைக்கவே கூடாது. சாயாமல் சங்கிலியால் சுவரில் கட்டுங்கள், வெயில் படாத இடத்தில்.

சிலிண்டர் அழுத்தம் காட்டும் பெரிய மீட்டரைப் பார்த்து மீதி எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. உள்ளே திரவமாக இருக்கும் வரை முள் அங்கேயே நிற்கும், 31 டிகிரிக்கு மேல் சூடானால் திரவமாகவே இருக்காது, முள் இன்னும் ஏறி நிற்கும், நீங்கள் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தராசில் நிறுத்துப் பாருங்கள். காலி எடை சிலிண்டர் கழுத்தில் அடித்திருக்கும், கழித்தால் மீதி கேஸ். அதே கழுத்தில் கடைசியாகச் சோதனை செய்த தேதியும் இருக்கும், பழைய சிலிண்டர் வாங்கும்போது அது ஐந்து வருடம் தாண்டியிருந்தால் நிரப்பித் தர மறுப்பார்கள். வாங்கும் முன் பாருங்கள்.

7. குழாய், அழுத்தம், நுரை

கப்ளர் எல்லாப் பேரலுக்கும் ஒன்று கிடையாது. எந்தப் பீர் எடுக்கப்போகிறீர்களோ அந்தப் பேரல் வாயைப் போனில் படம் எடுத்துக் காட்டி வாங்குங்கள். கின்னஸ் ஸ்டவுட் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குக் கப்ளரும் வேறு, குழாயும் வேறு, நைட்ரஜன் கலந்த கேஸ், 30 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம். முதலில் லாகரில், அதாவது சாதாரண வெளிர் பீரில், கை பழகுங்கள்.

3 டிகிரியில் சாதாரண லாகருக்கு 11, 12 பிஎஸ்ஐ. உள் அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பீர் டியூப், 3 மீட்டர் நீளம் வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்தால் அதுவும் குளிரில் இருக்கும். ஊற்று மெதுவாக இருந்தால் கொஞ்சம் வெட்டலாம், குட்டையாக வாங்கிவிட்டால் நீட்ட முடியாது.

நுரை வந்தால் எல்லாரும் செய்வது சிலிண்டர் வாயில் இருக்கும் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பது. அதனால் பீரில் கரைந்திருக்கும் வாயு டியூபிலேயே பிரிந்து இன்னும் நுரைக்கும், நாலு நாளில் பேரல் முழுக்கச் சப்பென்று போகும். முதலில் சூட்டைப் பாருங்கள்: முதல் கிளாஸைக் கொட்டிவிட்டு இரண்டாவது கிளாஸில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், பெட்டிக் கருவி காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது. அப்புறம் டியூப் மடங்கியிருக்கிறதா, குழாய் அழுக்கா என்று பாருங்கள். ரெகுலேட்டர் கடைசி.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, குழாயை ஒரே இழுப்பில் முழுசாகத் திறங்கள். பயந்து பாதி திறந்தால் நுரை பீய்ச்சும். 320 மில்லி ஐந்தாறு வினாடியில் நிறைய வேண்டும். கிளாஸை ஃபிரீசரில் வைத்து உறைய வைக்காதீர்கள், அதுவும் நுரைக்கும். மீன்கறி கழுவிய ஸ்பாஞ்சில் பீர் கிளாஸைக் கழுவினால் எண்ணெய்ப் படலம் ஒட்டி மேல்நுரை நிற்காது. கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

8. சுத்தம், இதை விட்டால் எல்லாம் போச்சு

வாங்கியவர்கள் பாதியில் கைவிடுவது இங்கேதான். பீர் நல்ல பீராக இருக்கும், டியூப் புளித்துப்போயிருக்கும், "பேரல் கெட்டுப்போச்சு" என்று தவுக்கேயிடம் சண்டைக்குப் போவார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பேரல் மாற்றும்போதும் கட்டாயமாக, பீர் டியூப் கழுவும் காரக் கரைசலை ஓடவிட வேண்டும். இதற்கென்றே விற்கும் தூளோ திரவமோ, பொட்டலத்தில் சொன்ன அளவில் கலந்து, சின்னப் பம்பு வைத்து 15 நிமிடம் சுற்றவிடுங்கள். பம்பு இல்லையென்றால் டியூபில் நிரப்பி 20 நிமிடம் ஊறவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள், தோலை அரிக்கும். பிறகு நல்ல தண்ணீர், விரலில் வழவழப்பு போகும் வரை. துணி வெளுக்கும் குளோரின் வேண்டாம், அதன் வாசம் டியூபை விட்டுப் போகாது.

டியூப் கழுவினால் மட்டும் போதாது, குழாயைக் கழற்ற வேண்டும். பின்னால் இருக்கும் வளையத்தை ஸ்பேனர் சாவியால் தளர்த்தினால் முழுக் குழாயும் கையில் வரும். கைப்பிடியைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் தண்டை வெளியே இழுங்கள். அதைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதன் அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று ஒன்று ஒட்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கே அது வரும், நம் ஈரப்பதத்தில் இன்னும் சீக்கிரம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் குழாய் வாய்க்குள் விட்டுத் தேயுங்கள். வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள், காசு பெரிதில்லை.

குழாய் வாயில் பழ ஈ வந்து முட்டையிடும், கீழே சொட்டுகிற தட்டுக்குக் கட்டெறும்பு வரிசை கட்டும். குடித்து முடித்ததும் வாய்க்கு ரப்பர் மூடி, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் தெரியும். டியூபை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

9. உண்மையில் மிச்சம் எவ்வளவு?

சாமான் செலவு, நான் பார்த்த விலையில்: பழைய ஃபிரீசர் 300 முதல் 500, கட்டுப்பாட்டுக் கருவி 50 முதல் 150, ரெகுலேட்டர் 150 முதல் 300, சிலிண்டர் 250 முதல் 400, கப்ளரும் குழாயும் சேர்ந்து 200 முதல் 350, டியூப், கிளிப், மரச்சட்டம் எல்லாம் 100. ஆயிரத்துக்கு மேல் எடுத்து வையுங்கள், ஆயிரத்து எண்ணூறு வரைகூடப் போகலாம்.

மின்சாரம்: இப்படி ஓட்டும் பெட்டி மாதத்துக்கு 20 முதல் 30 யூனிட் எடுக்கும். 2025 ஜூலை 1 முதல் வந்த டிஎன்பி வீட்டுக் கட்டணத்தில், 1,500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு எரிசக்தி, கொள்ளளவு, வலையமைப்பு எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். அதன்படி 9 முதல் 13 வெள்ளி. ஆனால் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தரும் ஊக்கக் கழிவு பயன்பாடு கூடக் கூடக் குறையும், மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். வீட்டில் ஏற்கெனவே ஏர்கான் ஓடி 580-ல் நிற்கிறவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஓர் உதாரணம், விலையை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 24 கேன் பெட்டி 160 வெள்ளி என்று வைப்போம். 30 லிட்டருக்குச் சமம் 3.9 பெட்டி, 625 வெள்ளி. பேரல் 560 வெள்ளி என்றால் 65 மிச்சம் போலத் தெரியும். நுரையில் 2 லிட்டர் போனால் 37 வெள்ளி, 6 வாரத்து மின்சாரம் 18, கேஸும் கழுவும் தூளும் 10. மிச்சம் 0. சாமானுக்குப் போட்ட ஆயிரத்துச் சொச்சம் தனி.

ஆகவே காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள். குழாய்ப் பீரின் ருசிக்காகவும், ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து உட்கார்வதற்காகவும் செய்யுங்கள். நட்டப்படாமல் ஓட்ட இரண்டே இடம்தான் கையில் இருக்கிறது: நுரையில் போகிற அந்த 2 லிட்டரை அரை லிட்டராக்குவது, கொங்சி சேர்த்துப் பேரலை 4 வாரத்தில் முடிப்பது. பெட்டியைக் காலியாக ஓட்டாதீர்கள், பேரல் இல்லாத வாரம் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து காய வையுங்கள்.

10. விருந்தாளியும் பெருநாளும்

வீட்டில் குடித்துவிட்டுப் போகிறவர் மோட்டார் எடுப்பார், தோட்டத்து ரோடுதானே என்பார். 2020 அக்டோபர் 23 முதல் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80 இருந்தது. முதல் முறை மாட்டினாலே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. சாவியை வந்ததும் வாங்கி வையுங்கள், படுக்கப் பாய் போடுங்கள், இல்லை குடிக்காத ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நம் ஊரில் கிராப் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் பேரல் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே தவுக்கேயிடம் சொல்லி, முன்பணத்துக்கு ரெசிட் வாங்குங்கள். கடைசி வாரத்தில் இருக்கிற சரக்கெல்லாம் பாருக்குப் போய்விடும், வீட்டுக்காரருக்கு மிஞ்சாது. கேஸ் கடையும் பெருநாள் வாரம் மூடிக் கிடக்கும், சிலிண்டரை அதற்கு முந்தின வாரமே நிறுத்துப் பார்த்து நிரப்பி வையுங்கள். காலிப் பேரலைப் பெருநாள் முடிந்து கடை திறக்கிற முதல் நாளே ரெசிட்டோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தேதி தாண்டினால் வைப்பில் கை வைப்பார்கள்.